17 கோடிப் பேருக்குப் பட்டியல் போட்டவர்

ஒரு வீட்டில் கல்யாணம். 500 பேருக்குப் பத்திரிகை அனுப்ப வேண்டும். வீட்டுப் பெரியவர் பெயர்ப் பட்டியல் எழுத உட்காருகிறார். உற்றார், உறவினர், சிநேகிதர், பக்கத்து வீட்டார் என்று நினைவுபடுத்தி எழுதுகிறார். இரண்டு முறை சரி பார்க்கிறார். அப்படியும் யாரோ ஒரு சித்தப்பா விட்டுப் போகிறார். கல்யாணம் முடிந்து பல வருஷம் ஆகியும் அந்த மனஸ்தாபம் தீருவதில்லை.

500 பேருக்கே இந்தப் பாடு! 17 கோடிப் பேருக்குப் பட்டியல் எழுத வேண்டும் என்றால்?

அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பிறந்த தேதி தெரியாதவர்கள். லட்சக் கணக்கானவர்கள் வீடு வாசலை இழந்து அகதிகளாக வந்தவர்கள். தன் பெயரைச் சொல்லவே மறுத்த பெண்கள் பல லட்சம் பேர்.

அந்தப் பட்டியலை முடித்து, அதைக் கொண்டு ஒரு தேர்தலை நடத்திக் காட்டியவர் ஒரு வங்காளி. அவர் பெயர் சுகுமார் சென். சுதந்திர இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் கமிஷனர் அவர்தான்.

கணக்கில் தங்கப் பதக்கம்

சுகுமார் சென் 1890-களின் கடைசியில் பிறந்தவர். கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்தார். அதன் பிறகு லண்டன் சர்வகலாசாலையில் கணிதம் படித்துத் தங்கப் பதக்கம் பெற்றார்.

படித்த குடும்பம். அவருடைய தம்பி அசோக் குமார் சென் பிற்காலத்தில் மத்திய சர்க்காரில் சட்ட மந்திரியாக இருந்தவர்.

சுகுமார் சென் 1920-களின் தொடக்கத்தில் ஐ.சி.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்தார். வெள்ளைக்காரர் ஆட்சியில் அதற்கு மேற்பட்ட உத்தியோகம் கிடையாது. வங்காளத்தில் பல ஜில்லாக்களில் வேலை பார்த்தார். ஜட்ஜாகவும் இருந்தார். நாடு சுதந்திரம் அடைந்த பிறகு மேற்கு வங்காளத்தின் தலைமைச் செயலாளர் ஆனார்.

கணக்கு தெரிந்தவர். சட்டம் தெரிந்தவர். கிராமமும் தெரிந்தவர். இந்த மூன்றும் தேவைப்பட்ட ஒரு வேலை அவரைத் தேடி வந்தது.

ஒரே நாளில் கிடைத்த உரிமை

வெள்ளைக்காரர் காலத்திலும் தேர்தல் நடந்தது. ஆனால் எல்லோருக்கும் ஓட்டு இல்லை. சொத்து உள்ளவர்கள், வரி கட்டுகிறவர்கள், படித்தவர்கள் என்று சொற்பப் பேருக்கே ஓட்டு இருந்தது. கூலிக்காரருக்கும், நிலமில்லாத குடியானவருக்கும் ஓட்டுச் சாவடியில் வேலை இல்லை.

1950 ஜனவரி 26-ந் தேதி அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு என்று அது சொல்லிவிட்டது. ஜாதி, மதம், சொத்து, படிப்பு எதையும் பார்க்கக் கூடாது. (ஓட்டுப் போடும் வயது 18 ஆனது 1989-ல்.)

உலகத்தில் பல தேசங்கள் இந்த இடத்துக்குப் படிப்படியாக வந்தன. முதலில் பணக்காரர், பிறகு தொழிலாளி, அதன் பிறகு பெண்கள் என்று பல ஆண்டுகள் ஆயின. இந்தியா ஒரே தாவாகத் தாவியது.

தேர்தலை நடத்தும் பொறுப்பு மந்திரிகளிடம் இருக்கக் கூடாது என்பதற்காக தேர்தல் கமிஷன் என்று தனியாக ஓர் அமைப்பை அரசியல் சட்டம் ஏற்படுத்தியது. அதன் தலைவரைச் சுலபமாக நீக்க முடியாது. சுப்ரீம் கோர்ட் நீதிபதியை நீக்க என்ன முறையோ, அதே முறைதான் அவருக்கும்.

1950 மார்ச் 21-ந் தேதி சுகுமார் சென் அந்தப் பதவியை ஏற்றார்.

பிரதம மந்திரி நேருவுக்கு அவசரம். 1951 தொடக்கத்திலேயே தேர்தலை முடித்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். சுகுமார் சென் அவசரப்படவில்லை. கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும் என்று பிரதம மந்திரியிடமே கேட்டுக்கொண்டார். பட்டியல் சரியாக இல்லாமல் தேர்தல் நடத்தினால் என்ன ஆகும்? பெயர் இல்லாத ஒவ்வொருவரும் உரிமையை இழப்பார்கள். அரசியல் சட்டம் கொடுத்ததை ஒரு குமாஸ்தாவின் பேனா பறித்துவிடும்.

தேர்தல் தள்ளிப் போயிற்று.

கதவைத் தட்டினார்கள்

ஓட்டர் பட்டியல் தயாரிக்கும் வேலையை அரசியல் நிர்ணய சபையின் காரியாலயம் 1948-லேயே ஆரம்பித்திருந்தது. சுகுமார் சென் அதை ஏற்று, திருத்தி, முடித்தார்.

வேலை எப்படி நடந்தது? சர்க்கார் சிப்பந்திகள் வீடு வீடாகப் போனார்கள். அந்த வீட்டில் 21 வயது ஆனவர்கள் யார் யார் என்று கேட்டார்கள். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது இவற்றை எழுதிக்கொண்டார்கள்.

எழுதியதை முதலில் நகலாக வெளியிட்டார்கள். ஜனங்கள் அதைப் பார்க்கலாம். தன் பெயர் இல்லை என்றால் மனுக் கொடுக்கலாம். செத்துப் போனவர் பெயரோ, ஊரில் இல்லாதவர் பெயரோ இருந்தால் ஆட்சேபம் செய்யலாம். அதிகாரி இரு தரப்பையும் விசாரித்து முடிவு சொல்வார். அதன் பிறகே பட்டியல் முடிவாகும். இந்த முறை இன்றைக்கும் இருக்கிறது.

தேசப் பிரிவினையால் வந்த அகதிகள் விஷயம் சிக்கலாக இருந்தது. அவர்கள் கூடாரங்களிலும் சத்திரங்களிலும் கிடந்தார்கள். வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இந்த ஊரில்தான் நிலையாகக் குடியிருக்கப் போகிறேன் என்று அவர்கள் உறுதி எழுதிக் கொடுத்தால் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வழி செய்யப்பட்டது. வீட்டை இழந்தவர்கள் ஓட்டையும் இழக்கவில்லை.

பெயர்களைத் தட்டச்சு செய்து தொகுதி வாரியாக அடுக்குவதற்கு மட்டும் 16,500 குமாஸ்தாக்கள் ஆறு மாதத்துக்கு நியமிக்கப்பட்டார்கள். பட்டியலை அச்சடிக்கச் சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் ரீம் காகிதம் செலவாயிற்று. கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒவ்வொரு பெயரும் ஒரு மனிதர் கையால் எழுதி, இன்னொரு மனிதர் கண்ணால் சரி பார்த்தது.

முடிவில் பட்டியலில் இருந்தவர்கள் 17 கோடியே 30 லட்சத்துக்கு மேல்.

பெயர் சொல்லாத பெண்கள்

இந்தப் பெரிய வேலையில் சுகுமார் சென்னை மிகவும் சோதித்த விஷயம் ஒன்று உண்டு.

நம் வீடுகளில் புருஷன் பெயரைச் சொல்லக் கூசும் பாட்டிமார் இருந்தார்கள். வட இந்தியாவில் பல இடங்களில் வழக்கம் இன்னும் கடுமையாக இருந்தது. பெண்கள் தங்கள் சொந்தப் பெயரையே அன்னிய ஆண்களிடம் சொல்ல மாட்டார்கள்.

பட்டியல் எழுதுகிறவர் வாசலில் நின்று கேட்பார். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று பதில் வரும். அவரும் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார். பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய ராஜ்யங்களில் லட்சக் கணக்கான பெண்கள் இந்த விதமாகப் பட்டியலில் ஏறியிருந்தார்கள்.

சுகுமார் சென் இதைப் பார்த்துத் திடுக்கிட்டார். பெயர் இல்லாமல் ஓட்டரை எப்படி அடையாளம் காண்பது? ராமின் மனைவி என்று மட்டும் எழுதியிருந்தால், முகத்தை மூடிக்கொண்டு யார் வந்தாலும் ராமின் மனைவிதான். ஒருத்தியின் ஓட்டை இன்னொருத்தி போட்டுவிடலாம்.

இது மட்டும் அல்ல. ஓட்டு என்பது ஒருவருடைய சொந்த உரிமை. அது புருஷனுக்காகவோ பிள்ளைக்காகவோ கொடுக்கப்பட்டதல்ல. சொந்தமான உரிமையைச் சொந்தப் பெயரில்தான் பெற வேண்டும்.

பெண்களின் பெயரைக் கேட்டுத் திருத்தும்படி அவர் உத்தரவு போட்டார். பீகாரில் இதற்காகவே ஒரு மாதம் கூடுதல் அவகாசம் கொடுத்தார். பல பெண்கள் பெயரைச் சொன்னார்கள். பட்டியல் திருந்தியது.

ஆனாலும் எல்லோரும் சொல்லவில்லை. அன்றைக்குத் தேசத்தில் பெண் ஓட்டர்கள் சுமார் 8 கோடிப் பேர். அவர்களில் சுமார் 28 லட்சம் பேர் கடைசி வரை பெயர் சொல்லாமல் இருந்துவிட்டார்கள்.

இப்போது என்ன செய்வது?

அப்படியே விட்டுவிட்டால் கள்ள ஓட்டுக்குக் கதவு திறந்துவிடும். அடித்துவிட்டால் 28 லட்சம் பெண்கள் முதல் தேர்தலிலேயே ஓட்டு இல்லாமல் நிற்பார்கள். அந்தப் பெண்கள் குற்றம் ஒன்றும் செய்யவில்லை. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சொல்லிக் கொடுத்தபடி நடந்தார்கள்.

சுகுமார் சென் முடிவு செய்தார். 28 லட்சம் பதிவுகளும் நீக்கப்பட்டன.

எங்கும் கூச்சல் எழுந்தது. பெண்களின் ஓட்டைப் பறித்துவிட்டார்கள் என்று பேசினார்கள். சுகுமார் சென் அந்தக் கூச்சலைக் கண்டு வருந்தவில்லை. அது நல்லதற்கே என்று கருதினார். இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்த தேர்தலுக்குள் பழைய வழக்கம் மாறும் என்று அவர் எதிர்பார்த்தார்.

அது சரியான முடிவா? அன்றைக்கும் இரண்டு அபிப்பிராயம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. ஒன்று மட்டும் உண்மை. தாம் செய்ததை அவர் மறைக்கவில்லை. எத்தனை பெண்களின் பதிவு நீக்கப்பட்டது, ஏன் நீக்கப்பட்டது என்பதைத் தேர்தல் பற்றிய தம்முடைய அறிக்கையில் பகிரங்கமாக எழுதி வைத்தார். அதனால்தான் இந்தக் கணக்கு இன்று நமக்குத் தெரிகிறது.

காளையும் குடிசையும்

பட்டியல் தயார். அடுத்த கேள்வி வந்தது. நூற்றுக்கு 85 பேர் எழுத்தறியாதவர்கள். அவர்கள் அபேட்சகர் பெயரை எப்படிப் படிப்பார்கள்?

படிக்க வேண்டாம், பார்த்தால் போதும் என்று வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு படம். தினமும் கண்ணில் படுகிற பொருளாக அது இருக்க வேண்டும். காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை. சோஷலிஸ்டுக் கட்சிக்கு மரம். கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை. ஜன சங்கத்துக்கு விளக்கு. கம்யூனிஸ்டுக் கட்சிக்குக் கதிரும் அரிவாளும்.

சீட்டில் முத்திரை குத்தச் சொன்னால் தவறு நேரும் என்று பயந்தார்கள். ஆகவே ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனித் தனிப் பெட்டி வைத்தார்கள். பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். ஓட்டர் மறைவுக்குள் போய்த் தனக்குப் பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஓட்டுச் சீட்டு ஒரு ரூபாய் நோட்டு அளவுதான் இருந்தது. நோட்டு அடிக்கிற நாசிக் அச்சகத்திலேயே அதையும் அடித்தார்கள்.

சுமார் 20 லட்சம் எஃகுப் பெட்டிகள் தேவைப்பட்டன. அவற்றுக்கு 8,200 டன் எஃகு செலவாயிற்று.

ஒரே ஆள் இரண்டு முறை ஓட்டுப் போட்டால்? அதற்கும் வழி உண்டாயிற்று. இந்திய விஞ்ஞானிகள் ஒரு மை தயாரித்துக் கொடுத்தார்கள். விரலில் வைத்தால் பல நாள் வரை போகாது. அந்தத் தேர்தலில் 3,89,816 குப்பி மை செலவானது என்று கணக்கு இருக்கிறது. இன்றும் நாம் விரலில் வைத்துக்கொள்ளும் அடையாள மைக்கு அதுதான் ஆரம்பம். 1962-லிருந்து அது மைசூரில் உள்ள சர்க்கார் தொழிற்சாலையில் தயாராகி வருகிறது.

ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையும் நடந்தது. ஓட்டு என்றால் என்ன, எப்படிப் போடுவது என்று விளக்கும் படம் 3,000-க்கு மேற்பட்ட சினிமாக் கொட்டகைகளில் காட்டப்பட்டது. ரேடியோவிலும் பேசினார்கள்.

பனிமலையில் முதல் ஓட்டு

1951 அக்டோபர் 25. இமாசலப் பிரதேசத்தில் சினி என்ற மலைத் தாலுகா. இன்று அந்த ஊருக்குக் கல்பா என்று பெயர். குளிர்காலம் வந்துவிட்டால் பனி மூடிப் பாதை அடைபட்டுவிடும். ஆகவே மற்ற இடங்களுக்கு முன்னால் அங்கே ஓட்டுப் பதிவு நடந்தது. சுதந்திர இந்தியாவின் பொதுத் தேர்தல் அங்கே ஆரம்பமாயிற்று. அவர்கள் போட்ட ஓட்டின் முடிவு தெரியப் பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

பெரும்பாலான இடங்களில் 1952 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஓட்டுப் பதிவு நடந்தது. பார்லிமெண்டுக்கும் எல்லாச் சட்டசபைகளுக்கும் ஒரே சமயத்தில் தேர்தல். சுமார் 4,500 இடங்கள். 2 லட்சத்து 24 ஆயிரம் சாவடிகள். அதே அளவு போலீஸ்காரர்கள். சில மலைக் கிராமங்களுக்குப் பெட்டியைக் கொண்டு போக ஆற்றுக்குப் பாலமே புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. தீவுகளுக்குக் கடற்படைக் கப்பலில் பட்டியலும் பெட்டியும் போயின.

எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு ஓட்டுக் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பலர் சொல்லி வந்தார்கள். நடந்தது வேறு. ஜனங்கள் வரிசையில் அமைதியாக நின்றார்கள். பார்லிமெண்டுத் தேர்தலில் நூற்றுக்குச் சுமார் 45 பேர் ஓட்டுப் போட்டார்கள். கேரளத்தில் கோட்டயம் தொகுதியில் நூற்றுக்கு 80 பேர் ஓட்டுப் போட்டார்கள்.

மந்திரிகளே சில இடங்களில் தோற்றுப் போனார்கள். சென்னை ராஜ்யத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆட்சியில் இருக்கிறவர்களைத் தோற்கடிக்கிற சக்தி ஒரு சிறு சீட்டுக்கு உண்டு என்பதைக் குடியானவர் தம் கண்ணால் கண்டார்.

சூடான் அழைத்தது

இந்தச் செய்தி கடல் கடந்து போயிற்று. ஆப்பிரிக்காவில் சூடான் தேசம் பிரிட்டனும் எகிப்தும் சேர்ந்து ஆண்ட பூமி. அது சுய ஆட்சி பெற வேண்டும் என்று 1953-ல் ஒப்பந்தம் ஆயிற்று. அதற்கு முன்னால் ஒரு தேர்தல் வேண்டும். அதை நடத்துகிறவர் நடுநிலையாளராக இருக்க வேண்டும்.

சூடானியர், எகிப்தியர், பிரிட்டிஷார், அமெரிக்கர் ஆகியோர் கொண்ட ஒரு கமிஷன் அமைந்தது. அதற்குத் தலைவராகச் சுகுமார் சென் அழைக்கப்பட்டார்.

பாலைவனம், காடு, இடம் விட்டு இடம் போகும் கூட்டத்தார், எழுத்தறியாத ஜனங்கள்! இந்தியாவில் பார்த்ததைவிடக் கடினமான நிலைமை. வசதி உள்ள இடங்களில் நேரடித் தேர்தலும், மற்ற இடங்களில் பிரதிநிதிகள் மூலமாக மறைமுகத் தேர்தலும் வைத்தார்கள். 1953 முடிவதற்குள் 97 இடங்களுக்கும் தேர்தல் நடந்து முடிந்தது. 1956 ஜனவரி 1-ந் தேதி சூடான் சுதந்திர நாடாயிற்று.

1954-ல் இந்திய சர்க்கார் சுகுமார் சென்னுக்குப் பத்ம பூஷண் விருது கொடுத்தது. அந்த விருது ஏற்பட்ட முதல் ஆண்டு அது.

பெட்டியைப் பத்திரப்படுத்தினார்

1957-ல் இரண்டாவது பொதுத் தேர்தல் வந்தது. அதையும் சுகுமார் சென்தான் நடத்தினார்.

நல்ல குடும்பத்தலைவி ஒரு விசேஷம் முடிந்ததும் பாத்திரங்களைக் கழுவி, எண்ணி, பரணில் வைப்பாள். சுகுமார் சென் அப்படித்தான் பழைய ஓட்டுப் பெட்டிகளை எல்லாம் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது சுமார் 5 லட்சம் பெட்டிகள்தான். ஓட்டர்கள் 19 கோடிக்கு மேல் பெருகியிருந்தும், முதல் தேர்தலைவிட நாலரைக் கோடி ரூபாய் குறைவாகச் செலவாயிற்று.

அந்த 28 லட்சம் பெண்கள் விஷயம் என்ன ஆயிற்று? ஐந்து வருஷத்தில் ஜனங்கள் பாடம் படித்திருந்தார்கள். வயது வந்த பெண்களில் நூற்றுக்கு 94 பேர் 1957 பட்டியலில் இருந்தார்கள் என்பது மதிப்பீடு. அவர் எதிர்பார்த்தது பெரும்பாலும் நடந்துவிட்டது.

அவருடைய ஏற்பாடுகளில் எல்லாமே நிலைத்துவிடவில்லை. தனித் தனிப் பெட்டி முறையில் ஒரு பழுது இருந்தது. சீட்டில் ஓட்டர் எந்த அடையாளமும் போடுவதில்லை. ஆகவே அதைப் பெட்டியில் போடாமல் மடியில் மறைத்துக் கொண்டு வந்து வெளியே விற்றுவிட முடியும். அவருக்குப் பின் வந்தவர் கே.வி.கே. சுந்தரம் என்ற தமிழர். சுந்தரத்தின் காலத்தில், 1960-லும் 1961-லும் கேரளத்திலும் ஒரிசாவிலும் நடந்த தேர்தல்களில் புது முறை வந்தது. எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில். முத்திரை குத்தி ஒரே பெட்டியில் போட வேண்டும். எழுதத் தெரியாத ஜனங்கள் இதையும் சுலபமாகப் பழகிக்கொண்டார்கள்.

எழுதாத சுயசரிதம்

சுகுமார் சென் 1958 டிசம்பரில் ஓய்வு பெற்றார். 1960-ல் மேற்கு வங்காளத்தில் பர்த்வான் சர்வகலாசாலை தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தர் ஆனார். 1963-ல் காலமானார்.

இவ்வளவு பெரிய காரியம் செய்தவர் தம்மைப் பற்றி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. சுயசரிதம் இல்லை. அவருக்கு என்ன பிடிக்கும், எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. சர்க்கார் அறிக்கைகள்தான் அவர் விட்டுப்போன எழுத்து. அவற்றில் கணக்கும் காரணமும் இருக்கின்றன. அவர் இல்லை.

பேனா போய் யந்திரம் வந்தது

அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தேர்தலின் உருவமே மாறிவிட்டது. 1982-ல் கேரளத்தில் பரவூர்த் தொகுதியில் முதல் தடவையாக ஓட்டு யந்திரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 1993-ல் புகைப்பட அடையாள அட்டைக்கு உத்தரவு பிறந்தது. 2004 லோக் சபைத் தேர்தல் முழுவதும் யந்திரத்திலேயே நடந்தது. ஓட்டர் பட்டியல் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. 16,500 குமாஸ்தாக்கள் ஆறு மாதம் செய்த வேலையைக் கம்ப்யூட்டர் சீக்கிரம் செய்துவிடுகிறது.

ஆனால் சுகுமார் சென்னுக்கு வந்த சோதனை தீர்ந்துவிடவில்லை.

பெயரைச் சேர்ப்பது எவ்வளவு சுலபமாயிற்றோ, நீக்குவதும் அவ்வளவு சுலபமாயிற்று. 2015-ல் ஓட்டர் பட்டியலை ஆதார் எண்ணோடு இணைக்கும் வேலை நடந்தது. ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் அது நிறுத்தப்பட்டது. 2018 டிசம்பரில் தெலுங்கானா சட்டசபைத் தேர்தல் நாளன்று சாவடிக்குப் போன ஏராளமான பேர் தங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்பதைக் கண்டார்கள். அந்த ராஜ்யத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு கிடைத்தது. அன்றைய ஓட்டு திரும்பக் கிடைக்கவில்லை.

2025-ல் பீகாரில் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தினார்கள். வெளியான நகல் பட்டியலில் முன்பு இருந்தவர்களில் சுமார் 65 லட்சம் பேர் இல்லை. இறந்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று கமிஷன் காரணம் சொன்னது. உயிரோடு உள்ளவர்களும் விட்டுப் போயிருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பினர் வழக்குத் தொடுத்தார்கள். விடுபட்டவர் யார் யார், ஒவ்வொருவருக்கும் காரணம் என்ன என்பதை ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று ஆகஸ்டு மாதத்தில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

அதே பீகாரில்தான் சுகுமார் சென் பெண்களின் பெயருக்காக ஒரு மாத அவகாசம் கொடுத்தார். கள்ளப் பெயர் இருக்கக் கூடாது. நல்ல பெயர் விடுபடக் கூடாது. இந்த இரண்டும் அன்றைக்கும் ஒன்றோடொன்று மோதின. இன்றைக்கும் மோதுகின்றன. அவகாசம் கொடுப்பதும், எத்தனை பேரை ஏன் நீக்கினோம் என்று பகிரங்கமாகச் சொல்வதும் அவர் கையாண்ட வழிகள்.

நகல் பட்டியல் இன்றும் ஒவ்வொரு திருத்தத்தின் போதும் வெளிவருகிறது. பெயர் இல்லை என்றால் 6-ம் நம்பர் படிவத்தில் மனுக் கொடுக்கலாம். தப்பான பெயரை ஆட்சேபிக்க 7-ம் நம்பர். எழுத்துப் பிழை, விலாசம் திருத்த 8-ம் நம்பர். ஓட்டுப் பதிவு அன்று சாவடி வாசலில் வாதாடிப் பயன் இல்லை. பட்டியல் நகலாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் உள்ள பெரியவர்கள் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முக்கியமாக, பாட்டியின் பெயர் பாட்டியின் சொந்தப் பெயராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.